அசையாத அளவு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில், கழிவுநீர்த் தொட்டிக்குள்ளேயே கிடந்து அம்மோனியாவை அளந்து சொல்லும் கருவி, ஒரு வாரமாக ஒரே குறைந்த அளவைக் காட்டியது. "பாத்தியா, தண்ணி எவ்வளவு சுத்தம்!" என்று மேலாளருக்கு வாயெல்லாம் பல். எனக்கு உறுத்தியது. சாக்கடை என்றைக்கு ஒரே மாதிரி ஓடியது? தூக்கிப் பார்த்தால் முனையில் அழுக்கு அப்பிக் கிடந்தது. துடைத்து இறக்கியதும் அளவு எகிறியது. திட்டு எனக்குத்தான். பதில் சொல்லவும் அலுப்பு.

துடைக்க அம்மாவின் பழைய நூல்புடவையில் ஒரு துண்டு அனுப்புங்கள். இங்குள்ள துணி சொரசொரப்பு.

போனில் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்று வாரந்தோறும் ஒரே குரலில் சொல்கிறீர்கள். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்: எங்கே வலிக்கிறது?

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. மேலே "நான் நலம்" என்று எழுதியதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

உங்கள் மகன்