முதலில் எரிந்த சிவப்பு விளக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், உன் அப்பாதான் நலமாக இல்லை. நாலு நாளாக ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நீ ஆய்வுக்கூடத்தில் செய்து, சோதித்துப் பார் என்று எனக்கு அனுப்பினாயே அந்தப் பயோசென்சர், சாப்பாட்டில் கெட்ட கிருமி இருந்தால் சிவப்பு விளக்கு எரியும் என்றாயே, எரிந்தது. நான் சமைக்கிற தொழிற்சாலை கேன்டீனில் குளிர்பெட்டி பழுதாகி, சாலட்டுக்கு வேகவைத்த கோழி காலையிலிருந்து வெளியே கிடந்தது, அதில்தான் தொட்டுப் பார்த்தேன். மேற்பார்வையாளரிடம் ஓடினேன். உங்க பொண்ணையே கேளுங்க என்றார். அவர் எதிரிலேயே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? அம்மா, நீ அந்தச் சோதனைப் பட்டையைக் கருவியில சரியா செருகியிருக்க மாட்டே, இன்னொரு தடவை பாரு என்றாய். எந்தக் கறி, எத்தனை மணி நேரமாக வெளியே இருக்கிறது, ஒரு கேள்வி கேட்டாயா? முப்பது வருஷம் அடுப்படியில் நிற்கிறவளுக்கு ஒரு பட்டையைச் செருகத் தெரியாதா? அந்த மனுஷன் உன் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய வேறு பானையிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்து வைத்தார். கொதித்ததில் கிருமி எங்கே இருக்கும்? பச்சை எரிந்தது. பார்த்துக்கொண்டுதான் நின்றேன், படித்த மகளே சொல்லிவிட்டாளே என்று வாயை மூடிக்கொண்டு அந்தக் கோழியையே சாலட்டில் கலந்தேன், அந்தக் கோபம் என் மேலும் இருக்கிறது. முப்பத்தோரு பேர் சுருண்டு விழுந்தார்கள். அங்கேயே வேலை பார்க்கிற உன் அப்பா என் கையால் கலந்தது என்று இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டவர்.

இப்போது சமையல்காரி கை சுத்தமில்லை என்று எழுதி என்னிடமே கையெழுத்துக் கேட்கிறார்கள். மெஷின் பச்சைதானே காட்டுச்சு என்கிறார் அந்த மேற்பார்வையாளர். முதல் சிவப்பும் நேரத்தோடு உள்ளே பதிவாகியிருக்கும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். நேற்று அதைக் கேட்டால், கருவி இன்னும் விற்பனைக்கு வரலை, மேலதிகாரி என்ன சொல்வாரோ என்று மென்று முழுங்குகிறாய். அவர் என்னவும் சொல்லட்டும். கடிதம் கிடைத்த அன்றே அந்தப் பதிவை உன் பேர் போட்டு அனுப்பு. அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்பதையும் மறைக்காமல் எழுது.

சளி என்றாயே, வெந்நீர் குடி, வெளியில் கண்டதைத் தின்னாதே. உன்னைத் திட்ட வேண்டாம் என்கிறார் அப்பா, அவருக்கென்ன. நல்லா இரு, நீண்ட ஆயுசோடு இரு. இனி யாராவது சிவப்பு எரிகிறது என்றால், யாராவது சாப்பிட்டுவிட்டார்களா என்று முதலில் கேள்.

இந்தக் கையெழுத்து உனக்கு மட்டும்தான், அவர்கள் நீட்டுகிற தாளில் விழாது.

அம்மா