கோசோங் எடை

தாமான் ஸ்ரீ அண்டாலஸ், கிள்ளான்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் செரீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே அனைவரும் சுகம் என்று எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனைவரும் என்றால் இப்போது நான் ஒருவன்தான். நான் சுகமா என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், அதற்கு முன் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ முகத்தைப் பார்ப்பாய். அதனால்தான் தாள். பத்து நாளில் போய்ச் சேரும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். என் விமானத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. கடிதம் முதலில் வரட்டும். நான் பிறகு.

பேக் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். கையில் எடுத்துப்போகும் பேக் மட்டும் போதும், லக்கேஜ் வேண்டாம், நான் என்னத்தைக் கொண்டுவரப் போகிறேன் என்று உன்னிடம் பிடிவாதம் பிடித்தவன் நான்தான். ஏழு கிலோ. ஐம்பத்தாறு சென்டிமீட்டர் உயரம், முப்பத்தாறு அகலம், இருபத்து மூன்று கனம். உன் கல்யாணத்துக்கு நானும் அம்மாவும் கொண்டுவந்த நீலப் பெட்டியை டேப் வைத்து அளந்தேன். ஐம்பத்தைந்து. சரி என்று மூடிவைத்தேன், பிறகு நிமிர்த்தி வைத்து அளந்தேன், சக்கரத்தோடு ஐம்பத்தொன்பது. அன்றைக்கு அது லக்கேஜில் போனது, யாரும் அளக்கவில்லை. ஆகவே கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். அய்யாவு என்று ஒருவர், பேக் கடை வைத்திருக்கிறார், உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கடை வாசலில் அட்டையை வெட்டி ஒட்டி அந்த அளவில் ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறார். பேக் அதற்குள் இறங்கினால் வாங்கு, இறங்காவிட்டால் வைத்துவிட்டுப் போ. பளபளவென்று கெட்டியான ஒன்றைத் தொட்டேன். அங்கிள், பொட்டியே மூணு கிலோவ தின்னுட்டா மிச்ச நாலு கிலோவுல என்னா கொண்டு போவீங்க, பல்லு வெளக்குற பிரஷ்ஷா, என்றார். சாம்பல் நிறத்தில் துணி பேக் ஒன்று காட்டினார். வெறுமனே இரண்டு கிலோ. வெளிப்பையில் ஒரு செருப்பை வைத்தாலும் வீங்கிவிடும், அப்புறம் அட்டைப் பெட்டிக்குள் இறங்காது, கனமான துணியெல்லாம் உடம்பிலேயே போட்டுக்கொள்ளுங்கள், உடம்பை எவனும் நிறுக்க மாட்டான் என்றார். நல்ல யோசனை. நான் இடது பக்கம் திரும்பி, இந்த நிறம் போதுமா என்று கேட்டேன். போதும் அங்கிள், அழுக்கு தெரியாது, என்று அய்யாவு வலது பக்கத்திலிருந்து பதில் சொன்னார். நான் அவரைக் கேட்கவில்லை. கடைக்குப் போனால் அம்மா எப்போதும் என் இடது பக்கம்தான் நிற்பாள்.

வீட்டில் நிறுப்பது அம்மாவின் முறைதான், உனக்குத் தெரியும். மொதல்ல நீங்க மட்டும் ஏறுங்க, அப்புறம் பேக்கத் தூக்கிகிட்டு ஏறுங்க, கழிச்சா பேக்கு. அந்த முள் வைத்த பழைய தராசு இன்னும் குளியலறையில்தான் இருக்கிறது. கதவின் உள்பக்கம் அவள் பென்சிலால் எழுதியதும் இருக்கிறது. இவர் 71½. நான் 58. உன் கல்யாணத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் எழுதியது. பெயின்ட் அடிக்க வந்தவர் கதவையும் அடிக்கட்டுமா என்றார், உள்பக்கம் வேண்டாம் என்றேன். நான் பேக்கில் வைத்தவை இவை. அம்மாவின் நான்கு சேலைகள். நம் குடும்பத்தார் பெயரெல்லாம் முன்பக்கத்தில் எழுதிய பைபிள். உன் கல்யாண ஆல்பம். என் துணிகள். காலையில் குளித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எழுபத்தெட்டரை. கழித்தால் ஏழு. சரியாக ஏழு. பிறகுதான் நினைவு வந்தது, நீ கேட்ட ஒரே பொருளை வைக்கவில்லை. அம்மா கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு சுடுகிற பித்தளை அச்சுகள், மூன்றும் சேர்ந்து ஒரு கிலோ வரும். எதை எடுத்துவிட்டு அதை வைப்பது என்று பத்து நாள் யோசித்தேன். ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. சும்மா வைத்துப் பார்ப்போம், எவ்வளவு கூடுகிறது என்று தெரியட்டும், என்று வைத்துக்கொண்டு ஏறினேன். எழுபத்தெட்டரை.

இறங்கினேன். மறுபடி ஏறினேன். எழுபத்தெட்டரை. அச்சுகளை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தேன், பித்தளைதான், குளிர்ந்து கனமாகத்தான் இருந்தது. பேக்கைத் தூக்கும்போது தோள் இழுத்தது. கை கனம் என்றது, முள் இல்லை என்றது. நான் முப்பத்தொரு வருஷம் முள்ளை நம்பிச் சம்பளம் வாங்கியவன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. உன் அம்மா அடியில் கை கொடுக்கிறாள் என்று தோன்றியது. பாசாரில் காய்கறி வாங்கி வரும்போது என் பையின் ஒரு காதை அவள் பிடித்துக்கொள்வாளே, அப்படி. அந்த அறையில் சோப்பு வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பயப்படவில்லை. தினமும் காலையில் பேக்கைத் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். நிறுப்பதற்காக அல்ல. ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் தனித்தனியாக வைத்துக் கூட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாததா. நான் செய்யவில்லை. அந்த ஒரு வாரம் இந்த வீட்டில் நான் தனியாக இல்லை செரீனா, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை பேக்கின் ஜிப் பல் விட்டுவிட்டது. உள்ளே இருப்பதை வெளியே எடுக்காமல் அப்படியே இழுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். பார்வை இல்லாதவர்களுக்காக நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கல்லில் சக்கரம் தடதடவென்று வந்தது, பின்னால் யாரோ நடந்து வருவதுபோல. அய்யாவு ஜிப்பைச் சரிசெய்தார். பிறகு கேட்காமலேயே கொக்கித் தராசை எடுத்துக் கைப்பிடியில் மாட்டித் தூக்கினார். அங்கிள், இது பன்னெண்டு கிலோ லா, என்றார். ஏழு என்றேன். பன்னெண்டு. உன் தராசு சரியில்லை என்றேன். நான் எடைமேடைக் கிராணியாக லோரி எடையெல்லாம் எழுதியவன், எனக்குத் தராசு தெரியும் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொண்டுவந்து மாட்டினார். சரியாக ஐந்து. மறுபடி என் பேக். பன்னெண்டு. பிறகு அவர் தராசைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தார். பெல்ட்டில் நானே ஆணியால் போட்டிருந்த ஓட்டைகளைப் பார்த்தார். அங்கிள், நீங்க கடைசியா எப்ப வெயிட்டு பாத்தீங்க, என்று கேட்டார்.

போர்ட் கிள்ளானில் நான் வேலை செய்த கிடங்கு உனக்கு நினைவிருக்கும், பள்ளி விடுமுறையில் வந்து எடைமேடை மேல் குதிப்பாய். லோரி உள்ளே வரும்போது வெறும் லோரியாக ஒரு தடவை நிறுக்க வேண்டும், கோசோங் எடை. சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது ஒரு தடவை. கழித்தால் சரக்கு. கார்த்திகேசு என்று ஒரு டிரைவர், வெயிலில் வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவன், தினமும் என்னோடு சண்டை. கிராணி, நேத்துதானே கோசோங் எடுத்தீங்க, என் லோரி என்னா ஒரே ராத்திரியில புள்ள பெத்துகிச்சா, என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நான் அசைய மாட்டேன். நேற்றைய டீசல் இன்று இல்லை, நேற்றைய சேறு இன்று இல்லை, நேற்று பக்கத்து சீட்டில் இருந்த ஆள் இன்று இல்லை, இறங்கி வா, மறுபடி நிறு. இதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பேக்கை வாசலிலேயே விட்டுவிட்டு, தனியாகத் தராசில் ஏறினேன். அறுபத்தாறரை.

ஐந்து கிலோ. இத்தனை நாளும் கதவில் இருந்த பழைய 71½-ஐ வைத்தே கழித்திருக்கிறேன். பேக்கை அடியிலிருந்து தூக்கியது நான்தான். என்னிடமிருந்து குறைந்ததுதான். அச்சுகளை எடுக்கலாமா வைக்கலாமா என்று யோசித்த அந்தப் பத்து நாளில் ஒரு கிலோ குறைந்திருக்கிறேன், அதனால்தான் முள் நகரவில்லை. கணக்கு முழுதாகப் புரிந்துவிட்டது. புரிந்ததும் குளியலறை காலியாகிவிட்டது. அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று மாலை வீடு எப்படி இருந்ததோ அப்படி. கதவில் அவள் எழுத்துக்குக் கீழே, பேனாவால், 66½ என்று எழுதினேன். மேலே அந்த 58 அப்படியே இருக்கிறது. அது இனி மாறாது.

இப்போது நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது. வீடியோவில் நெற்றியும் மின்விசிறியும் மட்டும்தான் தெரிகிறது, போனைக் கீழே இறக்குங்க அப்பா என்று நீ சிரிப்பாய். எனக்குப் போனைப் பிடிக்கத் தெரியாமல் இல்லை. கன்னம் தெரியக் கூடாது என்றுதான். சாப்பிட்டீர்களா என்று கேட்கும்போது தட்டைக் காட்டுவேன், சோறு, மீன் குழம்பு, பயற்றங்காய். அது பக்கத்து வீட்டு இராஜம்மா கொடுத்தது. நீ போனை வைத்ததும் மூடி ஐஸ்பெட்டியில் வைத்துவிடுவேன். ஒரே தட்டை இரண்டு நாள் காட்டியிருக்கிறேன், ஒரு தடவை மூன்று நாள். நீ ஒருநாள், என்னப்பா தினமும் மீனா என்று கேட்டாய், எனக்கு வேர்த்துவிட்டது. பசி இல்லை என்பதில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியவில்லை. டப்பாவில் அளந்தால் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது. அந்த மிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் அடுப்பையே பற்றவைக்கவில்லை. பயந்துவிடாதே. ஞாயிறு பூசை முடிந்ததும் இராஜம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணே, நான் குடுத்த மீன உங்க மவளுக்கு டிவி காட்டுனீங்களா, நல்லா இருக்கு நியாயம், என்று திட்டினார். இரண்டு நாளாகத் தட்டு காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், போலீஸ் மாதிரி. நேற்று அவரே கிளினிக்குக்கும் கூட்டிப்போனார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை, வேறு ஒன்றும் இல்லை. நோய் இல்லை அங்கிள், சாப்பாடு இல்லை என்றார் டாக்டரம்மா.

பேக்கிலிருந்து ஐந்து கிலோ எடுக்க வேண்டியிருந்தது. இதைப் படித்ததும் இருபது கிலோ லக்கேஜ் சேர்த்துவிடுகிறேன் என்பாய். வேண்டாம் அம்மா. இருபது கிடைத்தால் நான் நாற்பதுக்குக் கட்டுவேன், பிறகு இந்த வீட்டையே அங்கே தூக்கி வருவேன். ஏழு போதும். இந்த முறை சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். அச்சுகள் வருகின்றன, மூன்றும். பைபிள் வருகிறது, அம்மா பெயருக்கு நேரே தேதியை நான் இன்னும் எழுதவில்லை, உன் கையெழுத்து நன்றாக இருக்கும், நீ எழுது. சேலைகளில் பட்டு மூன்றையும் எடுத்துவிட்டேன், வீட்டில் கட்டுகிற பழைய பருத்திச் சேலை ஒன்று மட்டும் வருகிறது, மஞ்சள் கறை உள்ளது. அதைத் துவைக்கவில்லை. ஆல்பத்தை எடுத்துவிட்டேன், அது மட்டும் மூன்று கிலோ. அதில் உன் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்து வருகிற ஆளை நீ இப்போது பார்க்காமல் இருப்பதே நல்லது.

நீ வேலைக்கு நேரத்தோடு போ, கார் ஓட்டும்போது போனைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லு, அவரிடம் மறைக்காதே, மறைப்பதில் ஒரு பலனும் இல்லை என்பதை நான் பார்த்துவிட்டேன். எனக்காக ஒன்றும் விசேஷமாகச் சமைக்க வேண்டாம், வந்த அன்று கஞ்சி போதும், ஆனால் நீ அரிசி அளக்கும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன். மாதா உங்கள் இருவரையும் காப்பாராக. அம்மா உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதை நான் தராசு சொல்லி நம்பவில்லை, சும்மா நம்புகிறேன்.

மறந்துவிடாதே, இதற்காகத்தான் இந்தக் கடிதமே. விமான நிலையத்தில் கதவு திறந்ததும் என் முகத்தைத் தேடாதே. அய்யாவு சொன்னபடி கனமான துணியை உடம்பில் போட்டுக்கொண்டு வருகிறேன், உன் கல்யாணத்துக்குப் போட்ட அந்தக் கறுப்புக் கோட்டு. கோட்டை உனக்கு அடையாளம் தெரியும். அதைப் பார்த்து வா. உள்ளே இருப்பவர் கொஞ்சம் குறைவாக இருப்பார், அழுதுவிடாதே, அவர்தான் உன் அப்பா.

நான் சுகமா என்று கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன். இன்று காலை பேக் இல்லாமல் ஏறினேன். அறுபத்தேழு.

அன்புடன்
அப்பா
ரபேல்