மஞ்சள் கரு என் பங்கு

என் ஆசைத் தம்பி ராசுவுக்கு,

நீ குடிக்கவில்லையடா.

போன கிழமை உன் ஆண்டுத் திவசம். அன்று பொழுதுபட்ட நேரம் தொடக்கம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்று, சொல்ல வந்தது மறந்து போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். "வெறியில விழுந்தவன்" என்று உன்னைப் பற்றிக் கதைத்த திருகோணமலைச் சனமும் படிக்கட்டும்.

என்ன நடந்தது என்று எல்லாரும் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், நீ கேட்டிருக்க மாட்டாயே. யுத்தகால இருட்டடிப்பு இரவு, ஊரில் ஒரு விளக்கும் வெளியே தெரியக்கூடாது. நீ இரவு வேலைக்குப் போயிருந்தாய். கப்பல் அணைய கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்தில் காவல் நின்றவர் விசாரணையில் சொன்னார், நீ ரோட்டில் போவதுபோல் நேரே நடந்தாயாம், பாலம் முடிந்த பிறகும் ஓர் அடி எடுத்து வைத்தாயாம். கீழே தண்ணீர் இருந்திருந்தால் நீ சிரித்துக்கொண்டு நீந்தி வந்திருப்பாய். அங்கே பாரம் ஏற்றும் படகின் இரும்புத் தளம் இருந்தது. வெறி இல்லாத மனிதன் அப்படி நடப்பானா என்று கேட்டார்கள். நாங்களும் அதை நம்பிவிட்டோம். அன்றோடு அம்மா உன் பெயர் சொல்வதை விட்டுவிட்டா. துறைமுகம் முழுக்கக் குடித்தாலும் தன் மகன் தொடமாட்டான் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவ அல்லவா?

இஸ்மாயிலை உனக்குச் சொல்லத் தேவையில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். குறிஞ்சாக்கேணிப் பெடியன். உன்னோடு துறைமுகத்தில் வேலை செய்தவன். அறுந்த நங்கூரச் சங்கிலியையும், சீமெந்து நிரப்பிய பழைய பால்மாத் தகரங்களைக் குழாயின் இரண்டு பக்கமும் கோத்த பாரத்தையும் தூக்கிப் பழக நீ கொட்டில் போட்டபோது, முதல் ஆளாக வந்து நின்றவன். உன்னைப் போலவே சாப்பிட்டான், உன்னைப் போலவே தோள் வைத்தான்.

திவசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் இருட்ட முன்னம் போய்விட்டார்கள். இஸ்மாயில் வேலை முடிந்து அப்போதுதான் வந்தான். குசினிக்குள் அரிக்கன் லாம்பு எரிந்தது. வழக்கம்போல் கறுப்புத் தாள் சுற்றியிருந்தாலும், சோறு போட, கறி வைக்கப் போதிய வெளிச்சம். நான் கதிரையைக் காட்டி "இரு" என்றேன். அவன் கதிரைக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் இடத்தில் குந்தப் போனான். மல்லாக்க விழுந்தான். கை பாயாசச் சட்டிக்குள் போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

"இவனும் குடிச்சிட்டுத்தான் வந்திருக்கிறான் போல," என்றா.

"அல்லாவாணை இல்லையம்மா! நான் அதைக் கையாலயும் தொட்டதில்லை." பாயாசக் கையோடு அவன் எழுந்து நின்றான். "இருட்டுத்தானே. இந்த இருட்டடிப்பில ஆருக்குத்தான் கண் தெரியுது? ஊரே தடவிக்கொண்டுதான் திரியுது."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றது. எந்த இருட்டு? லாம்பு எரிகிறது. என் சீலைக் கரையின் இழை எனக்குத் தெரிகிறது.

"இஸ்மாயில், நான் என்ன வைச்சுக்கொண்டு நிக்கிறன், சொல்லு பாப்பம்?"

அவன் கண்ணைச் சுருக்கினான். "செம்பு அக்கா. தண்ணிச் செம்பு."

என் கையில் ஒன்றும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், ராசு.

உன் ஞாபகம் ஒவ்வொன்றாக வந்து மோதியது. பொழுதுபட்டால் நீ சுவரில் விரலைத் தேய்த்துக்கொண்டு நடப்பாயே. வாசலில் படுத்த நாயின் வாலை மிதித்துவிட்டு நாயிடமே மன்னிப்புக் கேட்பாயே. ஒருநாள் கோப்பைக்கு வெளியே தேநீரை ஊற்றினாய், "கூப்பன் சீனி, நிலத்துக்கும் கொஞ்சம் குடுப்பம்" என்று பகிடி விட்டாய். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். யப்பான் விமானம் வந்து குண்டு போட்ட பிறகு ஊரில் எந்த வீட்டில் ஒழுங்கான விளக்கு இருந்தது? எல்லாரும் இடறினார்கள். ஊர் முழுக்கத் தடவித் திரிந்தால், அதற்குள் உண்மையாகவே கண் தெரியாத ஒருவனை யார் கண்டுபிடிப்பது?

உனக்குத் தெரியுமா ராசு? இல்லை, நீயும் அதை இருட்டடிப்பு என்றுதான் நினைத்தாயா?

இஸ்மாயில் போக வெளிக்கிட்டான். "வாற திங்கள் தொடக்கம் எனக்கும் இரவு வேலை அக்கா. ராசண்ணன் நிண்ட அதே பாலம்தான்," என்றான், ஏதோ பெருமையான விசயம் சொல்வதுபோல. அம்மா எழும்பிப் போய் வாசல் கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டா. "ஒரு இடமும் போக ஏலாது. இஞ்சயே படு," என்றா. அம்மாவுக்கும் விளங்கிவிட்டது.

காலையில் அவனை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா அவன் கண்ணைப் பார்த்தார், பிறகு மேற்கையின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே தோல் முள்ளு முள்ளாகக் காய்ந்து கிடந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்தது. சங்கிலி தூக்கித் தூக்கி இறுகின தோல் என்று நீ எனக்குத் தொட்டுக் காட்டினாய்.

"மாலைக்கண்," என்றார். "ரீச்சர் இதைப் படிப்பிக்கிறனீங்கள்தானே?"

"ஓம் ஐயா. ஆனா அது சாப்பாடில்லாத நோஞ்சான் பிள்ளையளுக்கு வாற வருத்தமெல்லோ? இந்த உடம்பைப் பாருங்கோ!"

"தசை வேற, கண் வேற, ரீச்சர். ஒண்டுக்குத் தீனி போட்டா மற்றது வளராது." இஸ்மாயிலிடம் திரும்பினார். "தம்பி, என்ன சாப்பிடுறனீர்?"

அவன் உன் சாப்பாட்டு விதிகளை மந்திரம்போல் ஒப்புவித்தான். ஊறின கடலை. முட்டையின் வெள்ளை. வெண்ணெய் எடுத்த பால்மா. வெள்ளைச் சோறு, கூப்பன் மாவில் ரொட்டி. காலையில் சிவப்பு ரொனிக். இரவில் வயிறு சுத்தமாக இருக்கப் பரபின் எண்ணெய். தொடக்கூடாதது: மஞ்சள் கரு, பப்பாசி, மாம்பழம், முருங்கையிலை, ஈரல். எல்லாம் சூடு. பாரம் தூக்குகிறவன் உடம்பு ஏற்கனவே கொதிக்கிறது. சுறாவும் திருக்கையும் கிரந்தி, தோலில் புண் போடும். நெய்யும் தயிரும் ஊளைச்சதை வைக்கும்.

அப்போதிக்கரி ஐயா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. கண்ணுக்கு வேண்டிய சத்து எதெதில் இருக்கிறதோ, அத்தனையையும் பொறுக்கியெடுத்து விலக்கி வைத்தது போல் இருக்கிறது என்றார். கடலையும் வெள்ளைக் கருவும் தோளை வளர்த்தது உண்மைதானாம். ரொனிக் வெறும் சீனிப்பாணியும் சாயமும். பரபின் எண்ணெய்தான் எல்லாவற்றிலும் மோசம். நாள் தவறாமல் குடித்தால், மிச்சம் மீதி இருக்கும் சத்தையும் அது குடலில் வழுக்கிக்கொண்டு வெளியே கொண்டுபோய் விடுமாம். இரவு வேலைக்கு அனுப்பவேண்டாம் என்று ஒரு துண்டு எழுதித் தந்தார். சீமை மீனெண்ணெய் யுத்தத்தால் வருவதில்லை. சுறா ஈரலில் வடித்த எண்ணெய் ஒரு போத்தல் தந்தார். சுறா, ராசு! எங்கள் சல்லிக் கடற்கரையில் மீன்காரர் வெட்டி எறிகிற ஈரல்!

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு காட்சிதான். எங்கள் குசினி. நீ முட்டையை உடைத்து, கோதுக்குக் கோது மாற்றி, வெள்ளையைக் கோப்பையில் விடுகிறாய்.

"வெள்ளை எனக்கு. மஞ்சள் உங்களுக்கு, அக்கா."

"மஞ்சளில என்னடா பிழை?"

"சூடு. என்ர உடம்பு அடுப்பு. அதுக்குள்ள மஞ்சளைப் போட்டாப் பத்தியெல்லோ எரியும்."

"அப்ப நான் எரிஞ்சாப் பரவாயில்லையோ?"

"நீங்கள் ஐஸ்கட்டி. வேணுமெண்டா உங்கட பள்ளிக்கூடப் பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ."

நான் அதை மிளகும் உப்பும் போட்டுப் பொரித்து, சோற்றோடு ருசித்துச் சாப்பிட்டேன். கடற்படைக்காரர் ஊர் முட்டையையெல்லாம் வாங்கிய காலத்தில், எங்கள் கோழிகள் இட்ட முட்டையின் மஞ்சள் அத்தனையும் எனக்குத்தான் வந்தது. கறுப்புத் தாள் சுற்றிய லாம்பில் நான் இழை பார்க்கிறேன். நீ பாலம் முடிந்ததைப் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு கூத்து. இஸ்மாயில் எண்ணெய்ப் போத்தலைத் தொடமாட்டேன் என்றான்.

"ராசண்ணன் சுறா கூடாதெண்டு சொன்னவர், அக்கா. அவர் செத்துப்போனார் எண்டதுக்காக அவற்ற சொல்லை மீற ஏலுமே? பாலத்தில ஆற்றையாவது கையைப் பிடிச்சுக்கொண்டு நடப்பன், விழமாட்டன்."

என் படிப்பும் அப்போதிக்கரியின் சொல்லும் அவனிடம் எடுபடவில்லை. உன் சொல் அவ்வளவு பெலமாக நிற்கிறது. நீ சங்கிலியைத் தூக்கியதைவிட அது எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா கோழிக்கூட்டுக்குப் போனா. ஒரு முட்டையோடு வந்தா. அவன் முன்னாலேயே உடைத்து, வெள்ளையும் மஞ்சளுமாக ஒரே கோப்பையில் விட்டா.

"இதில பாதியைத்தான் என்ர மோன் குடிச்சவன். மற்றப் பாதியையும் குடிச்சிருந்தா இண்டைக்கு உன்னோட வந்து நிண்டிருப்பான். அவன்ர பாதியை நீ குடிக்கிறியோ, இல்லாட்டி என்னை இன்னொருக்காச் செத்தவீடு பாக்க வைக்கப்போறியோ?"

இஸ்மாயில் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். பிறகு எண்ணெயையும் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தான். குடித்துவிட்டு ஓங்காளித்தது தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

நேற்றுப் பொழுதுபட வந்தான். லாம்பு அதே இடம், கறுப்புத் தாளும் அப்படியே. கதிரையை அவனே இழுத்துப்போட்டு இருந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படி மூலையில், எங்களுக்கு முகம் காட்டாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. துருவுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

இஸ்மாயில் திடீரென்று கேட்டான்: "ஏனம்மா அழுறீங்கள்?"

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கன்னத்தின் ஓரத்தில் ஈரம். பக்கத்தில் நின்ற நான் அதைக் காணவில்லை, அவன் கண்டுவிட்டான்.

அம்மா சீலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தா. ஒரு வருடமாக வாயில் வராத பெயரைச் சொன்னா. "ராசு குடிக்கேல்லையடா," என்றா. "என்ர ராசு குடிக்கேல்லை."

உன் கொட்டில் இன்னும் நடக்கிறது, தம்பி. பெடியள் இன்னும் "ராசண்ணன் சொன்னது" என்று மஞ்சளை நாய்க்கு ஊற்றுகிறார்களாம். சாய ரொனிக் வாங்குகிறார்களாம். அவர்களும் இரவில் அந்தப் பாலங்களில்தான் நடக்கிறார்கள். வாற சனிக்கிழமை தொடக்கம் நான் அங்கே வருவேன், இஸ்மாயிலும் வருவான். உன் கடலையையும் உன் சங்கிலியையும் தொடமாட்டேன். பரபின் போத்தல்களைக் கொட்டுவேன். முட்டையை அவர்கள் முன்னால் உடைத்து, பிரிக்காமல் கொடுப்பேன். ஆசுபத்திரிக்குப் போய்வந்த அன்றிலிருந்து நான் மஞ்சளை வாயில் வைக்கவில்லை. என்றாலும் முதல் கோப்பையை அவர்கள் பார்க்க நானே குடிப்பேன், இது உனக்குச் செய்கிற சத்தியம்.

நீ தந்த பங்கைத் தின்று, இன்றும் இருட்டில் கண் தெரிகிற
உன் அக்கா