உங்கள் தோட்டத்தில் வெடிச்சத்தம்

அண்ணை,

நேற்று மத்தியானம் சோற்றில் பல்லுக்குள் கடிபட்டது கல் என்றுதான் நினைத்தேன். துப்பிப் பார்த்தால் ஈயக்குண்டு. உங்கள் மகன் என் கடைக்கு அனுப்பிய இறைச்சி அது. ஃபெசன்டாம், கோழிச் சாதி, வால் மட்டும் நீளம். என் மனிசி பிரட்டல் கறி வைத்திருந்தார். "உங்கட அண்ணையின்ர தோட்டத்துச் சாமானெல்லோ, சாப்பிடுங்கோ" என்றார். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். இன்று காலை கடையைத் திறக்காமலே ஆற்றுப் பாலம் தாண்டி, அக்கரையில் லொங்குய் ஊரும் தாண்டி, உங்கள் தோட்டத்துக்குப் போனேன்.

வாசலில் பிரெஞ்சில் செதுக்கிய பெரிய மரப்பலகை. கண்மூடும்வரை நீங்கள் கத்தரியும் மிளகாயும் நட்ட நிலத்தில் ஆளுயரச் சோளம். அறுக்கிறதற்கில்லை, பறவை ஒளிக்கிறதற்கு. கூட்டில் வளர்த்ததை விடிய அதற்குள் கொண்டுபோய் விடுகிறார்கள். சரியாகப் பறக்கவும் தெரியாத சீவன்கள். காலைச் சாப்பாடு முடித்து விருந்தாளிகள் துவக்கோடு வருவார்கள். இதற்குப் பெயர் வேட்டை!

"அங்கிள், ஒரு ஆள் ஒரு நாளைக்குத் தாற காசு, அப்பா சம்மர் முழுக்கக் கத்தரிக்காய் வித்தாலும் வராது" என்றான் உங்கள் மகன். கணக்குப் பிழையில்லை. நானும் யாவாரிதான், துறைமுகத்தில் கொண்டெயினரில் சாமான் இறக்கிக் கடை நடத்திப் பிழைக்கிறவன். லாபம் பார்த்ததற்காக ஒருவனை நான் ஏசமாட்டேன்.

ஆனால் அந்தக் காணியை நீங்கள் ஏன் வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். சென்ட் லோரன்ட் தையல் ஃபக்டரியில் நீங்களும், நான் அக்கா என்று கூப்பிடுகிற உங்கள் மனிசியும் முதுகு முறிய உழைத்த காசு. வாங்கின கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வெறும் நிலத்தின் நடுவில் நிறுத்தினீர்கள்.

"என்னடா கேக்குது?"

"ஒண்டும் கேக்கேல்லை அண்ணை."

"அதுக்குத்தான் வாங்கினனான். உன்ர அக்கா இனியாவது பயமில்லாமல் நித்திரை கொள்ளட்டும்."

ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் இளமையைக் கழித்த மனிசி. அவரை இப்போது பின்பக்கத்துச் சின்ன அறையில் வைத்திருக்கிறான், வீடு விருந்தாளிகளுக்காம். நான் போய் இருந்து தேத்தண்ணியை வாயில் வைக்கக்கூட இல்லை, முதல் வெடி கேட்டது. அக்கா மூலையிலிருந்த அடுப்பை அணைத்தார். சோற்றுப் பானையை மூடினார். சுவரோரம் குந்தினார். ஊரில் செய்த அதே ஒழுங்கு. வெளியே யாரோ கைதட்டிச் சிரித்தார்கள்.

"அம்மாவுக்குப் பழகீட்டுது அங்கிள். காதுக்குப் போட ஹெட்போன் வாங்கிக் குடுத்திருக்கிறன்."

"கொப்பர் இருந்திருந்தா முதல் வெடி உனக்குத்தான் விழுந்திருக்கும்" என்றேன்.

அவனை ஏசினேனே தவிர, கோபம் உங்களில்தான். காணியை அவன் பேருக்கு மாற்ற முந்தி எத்தனை தரம் சொன்னேன், "அக்காவுக்கெண்டு வீட்டையாவது எழுதி வையுங்கோ" என்று? "என்ர பிள்ளையிட்ட நான் உறுதி எழுதி வாங்கோணுமோ? உனக்குக் கடவுளும் யாவாரம்தான்" என்று சிரித்தீர்கள். கூட இருந்த சனமும் சேர்ந்து சிரித்தது. என் பிள்ளைகளில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனாலும் மனிசிக்கு எழுதித்தான் வைத்திருக்கிறேன். பெரிய மனம் காட்டினது நீங்கள், அண்ணை. அதற்கு விலை குடுக்கிறது அக்கா.

"அக்கா, வெளிக்கிடுங்கோ. எங்கட வீட்டை போவம்."

எத்தனை நாளைக்கு, ஏன், ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு பையை இழுத்தார். அது ஏற்கெனவே அடுக்கி, பூட்டியிருந்தது.

"ஆராவது வந்து கேப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் தம்பி."

மகன் வாசலில் நின்றான். மறிக்கவில்லை; கையில் ஃபோன், யாரோ விருந்தாளி கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

காரில் வரும் வழி முழுக்க உங்களைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. "அவர் பாவம். பிள்ளையெண்டால் உயிர்" என்றார், அவ்வளவுதான். இப்போது பட்டப்பகலில் எங்கள் நடு அறையில் நித்திரை கொள்கிறார். யன்னலுக்கு வெளியே லொறிகள் உறுமிக்கொண்டு போகின்றன, கண் திறக்கவில்லை.

உங்களில் கோபிக்க அக்காவால் ஏலாது, அண்ணை. அவருக்குச் சேரவேண்டிய அந்தக் கோபத்தை நான் வைத்திருக்கிறேன். ஆற விடமாட்டேன்.