பீரோவுக்குள் சென்சார்

அன்புள்ள அத்தாவுக்கு நத்தர்ஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மூட்டுவலி பரவாயில்லையா? தோஹாவில் நான் நலம். ஆனால் கோபமாகத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன்.

புது வீட்டுக் கூரையின் காங்கிரீட்டுக்குள் புதைக்கத்தான் அந்தச் சென்சாரை அனுப்பினேன். காங்கிரீட் இறுகும்போது சூடாகும். தங்கை ஷர்மினின் போன் வழியாக அந்தச் சூட்டை இங்கிருந்தே பார்த்து, பலம் ஏறிவிட்டதா என்று சொல்லிவிடுவேன். கூரை போட்டு மூன்று நாளாகியும் சூடு இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டவே இல்லை. கலவை சரியில்லை என்று கொத்தனார் ராக்கையாவைக் கண்டபடி ஏசினேன். நேற்று அம்மா சொல்கிறார்கள்: "அம்புட்டு வெலையுள்ள சாமானச் சாந்துக்குள்ள போட்டுப் பொதைப்பாகளா? அத்தா பீரோவுல பத்திரமா வச்சிருக்காக."

ஊரான் கட்டும் நாற்பது மாடிக் காங்கிரீட்டுக்கு இங்கே நான் காவல். என் வீட்டுக் கூரைக்குக் காவல் பீரோச் சாவியா? குடிபோகும் தேதிக்காகக் கூரையைத் தாங்கும் முட்டுகளை முன்கூட்டியே பிரித்தால், அடியில் நிற்கப்போவது நீங்கள்தான். இருபத்தோரு நாள் யாரும் கை வைக்கக் கூடாது. தப்பு அவர்மேல் இல்லையென்று ராக்கையாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. சென்சார் பீரோவிலேயே இருக்கட்டும். காலையில் நீங்கள் கதவைத் திறக்கும்போது ஒரு டிகிரி குறைகிறது. அதையாவது தினமும் பார்த்துக்கொள்கிறேன்.