கலங்கல்மேல் மண்மூட்டை

29-10-55, சனி

மழை விடவில்லை. ஏரியின் மிகைநீர் வழிய வேண்டிய கலங்கல்மேல் மிராசுதார்கள் மண்மூட்டை அடுக்கி இன்னும் ஒரு முழம் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். அவர்கள் சம்பாவுக்கு வேண்டுமாம். மடைக்குப் பக்கத்தில் கரை கசிகிறது. கரை போனால் முதலில் போவது அம்மாவின் வீடு. பிறகு சேரி முழுக்க.

நாளை மராமத்து அதிகாரி வருகிறார் — பட்சி பார்க்க. வாத்தியார் நான் கூடப் போக வேண்டும் என்று பள்ளிக்கூட மேனேஜர் உத்தரவு. மூட்டையை எடுங்கள் என்று அதிகாரி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

30-10-55, ஞாயிறு

மத்தியானம் முழுக்கத் தூறல். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு கரைமேல் நடந்தேன். நான் நனைந்தேன். தூரக்கண்ணாடியைத் திருப்பிய பக்கமெல்லாம் அவருக்கு வாத்து, நாரை. "இந்த வருஷம் ஜலம் பேஷா நிக்கறது" என்றார். ஏன் நிற்கிறது என்று கேட்கவில்லை.

சேரி ஜனம் காத்திருந்தது. கண்ணாடியோடு வருகிற அதிகாரி கரையைப் பார்க்கத்தானே வருவார்? அம்மா முன்னால் வந்தாள்.

"சாமி, மடையாண்ட வந்து பாருங்க."

"மடையானா? அது எல்லா வயல்லயும் நிக்கற கொக்காச்சே. அதுக்குப் போய் இவ்வளவு தூரம் நடக்கணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்னேன்: "கொக்கு இல்லை சார். மடைக்குப் பக்கத்தில் கரை கரைகிறது. மூட்டைகளை எடுக்கச் சொல்லுங்கள்."

"இன்னிக்கு லீவு நாள், ஆபிரகாம். ஆபீசுக்கு எழுதிப் போடுங்கோ." திரும்பிவிட்டார்.

அம்மாவின் பக்கத்து வீட்டுச் சின்னையன் என்னைப் பார்த்தான். "இன்னா வாத்தியாரே, அந்தக் கண்ணாடி கிட்டக்க கீறத காட்டாதா?"

எதற்குப் படித்தேன்? குடை பிடிக்கவா?

31-10-55

எழுதிப் போட்டேன். பதில் வரும்போது வீடு இருக்குமா?

2-11-55, புதன்

கசிவில் இப்போது கை நுழைகிறது. வகுப்பை விட்டுவிட்டு ஓடினேன். சேரியே கலங்கலில் நின்றது. மிராசுதாரின் காரியஸ்தர் குறுக்கே நின்று, "யார் உத்தரவு?" என்றார்.

"தண்ணி மட்டும் உத்தரவு வாங்கிகினா வரும்?" — அம்மா.

முதல் மூட்டையை நான் தள்ளினேன். மற்றதை எல்லாரும்.

3-11-55

ஏரி ஒரு முழம் இறங்கியது. கசிவைக் களிமண் வைத்து அடைத்தார்கள். கரை நிற்கிறது.

4-11-55, வெள்ளி

சேரிப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். மேனேஜர் வகுப்பு வாசலில் நின்றபடியே, திங்கட்கிழமை முதல் நான் வர வேண்டாம் என்றார். கரும்பலகையில் வகுத்தல் கணக்கு பாதியில் இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.