பூட்டிவிட்டுப் போனவர்

17 ஜூன் 2025, செவ்வாய்

எங்கள் கேமை நடத்தும் ஹரிஹரசுதன் என் வில்லனை மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டான். "சத்யா, இவனைப் பார்த்தா பயம் வரலை, சிரிப்புதான் வருது. ஆறடி உயரம், கோரைப்பல், வரும்போதே இடி. மாறுவேடப் போட்டிக்கு வந்தவன் மாதிரி இருக்கான்" என்கிறான். சென்னையில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு அவனுக்கென்ன, சொல்லுவான். ஆனால் சொன்னது உண்மை. அதுதான் எரிச்சல்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்யும் கேமுக்குப் பெயர் 'உருமம்'. எங்கள் பக்கம் உச்சிவெயில் நேரத்தை அப்படித்தான் சொல்வார்கள். உருமத்தில் தனியாகத் திரியாதே, ஏதாவது அண்டிவிடும் என்பார்கள். எல்லாரும் இருட்டில் பேய் காட்டுகிறார்கள், நாம் வெயிலில் காட்டுவோம் என்று சொன்னவள் நான்தான். ஒரு தீப்பெட்டி ஆபீஸ் (கோவில்பட்டியில் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம்), அதற்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெண். நான் வீட்டிலிருந்து கதை எழுதுகிறேன். ஆகஸ்ட் 10 டெமோ. அதற்குள் வில்லன் தேறாவிட்டால் கதை வேறு கைக்குப் போகும். ஹரி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குத்தான் கேட்டது.

18 ஜூன், புதன்

கொம்பு வேண்டாம், பல் வேண்டாம், இடி வேண்டாம். சரி. பிறகு வில்லனிடம் என்னதான் இருக்க வேண்டும்?

20 ஜூன், வெள்ளி

பள்ளிக்கூட நாட்களில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஆடிய கேம்களை எல்லாம் யோசித்துப் பார்த்தேன். துரத்திய வில்லன் ஒருவன் முகமும் ஞாபகமில்லை. துரத்துகிறவன், துரத்தி முடித்ததும் போய்விடுகிறான். ஞாபகம் இருப்பவர்கள் துரத்தாதவர்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னவன், சண்டைக்கு முன் மருந்து கொடுத்தவன். அவன் பேசப்பேச, 'இவன் சொல்லுவதும் சரிதானே' என்று நமக்கே தோன்றும். அந்த இடத்தில்தான் பயம் வரும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் இருமல். அப்பா காபி கொண்டுவந்தார். பெண்கள் இருக்கும் அறைக்குள் இருமாமல் நுழைய மாட்டார், பெற்ற மகள் அறையாக இருந்தாலும். போர்மேனாக இருந்த காலத்துப் பழக்கம். "சாப்ட்டியா தாயி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

மூன்று மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். என் வில்லன் ஒரு போர்மேன். யாரையும் தொடமாட்டார், அதட்டமாட்டார். இருமுவார். ஒவ்வொரு பெண்ணிடமும் சாப்பிட்டாயா என்று கேட்பார். பின்கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போவார். பிறகு தீப் பிடிக்கும்.

அனுப்பிவிட்டேன்.

23 ஜூன், திங்கள்

"புல்லரிக்குது சத்யா. எங்க புடிச்ச இந்த ஆளை?" என்கிறான் ஹரி.

எங்கே பிடித்தேன்? பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். 2003 ஆடி மாதம், ஒரு மதியம். காயப்போட்டிருந்த குச்சிகளில் முன்பக்கம் தீப் பிடித்தது. பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். பூட்டியிருந்தது. சாவி போர்மேன் வேல்சாமியின் பையில் இருந்தது. வேல்சாமி அங்கே இல்லை. நாலு பேர் செத்தார்கள். சாப்பிடப் போனேன் என்று கோர்ட்டில் சொன்னார் அப்பா. இரண்டு வருடம் உள்ளே இருந்தார். முதலாளி ஆபீஸை மூடிவிட்டு ஊர் மாறிப் போய்விட்டார். அப்பா மாறவில்லை, இதே தெருவுக்குத் திரும்பி வந்தார். 'பூட்டிட்டுத் திங்கப் போனவன்' என்றால் இன்றைக்கும் ஊரில் எல்லாருக்கும் ஆள் தெரியும். அம்மா அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தாள்.

ஜெயிலிலிருந்து வந்த வாரமே வீட்டில் இருந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் அப்பா கழற்றிவிட்டார். குளியலறையில்கூடக் கிடையாது. நான் வயதுக்கு வந்த பிறகும் கிடையாது. உள்ளே வாளியை வைத்துக் கதவை அடைத்துக்கொள்வேன்.

இந்த மனுஷனைத்தான் வில்லனாக்கி ஊர் உலகத்துக்கெல்லாம் விற்கப் போகிறேன். அவருக்குத் தெரியாது.

1 ஜூலை, செவ்வாய்

டெமோவுக்குத் தற்காலிகமாக ஒரு குரல் வேண்டும் என்றான் ஹரி. வாட்ஸாப்பில் அப்பா அனுப்பிய பழைய குரல்பதிவு ஒன்று இருந்தது. "சாப்ட்டியா தாயி?" வெட்டி எடுத்துக் கொடுத்தேன்.

மதியம் ஆடிப் பார்த்தேன். காலியான நீளமான அறை, ஓட்டு இடுக்கில் வெயில், இருமல். பிறகு அந்தக் குரல். பிறகு பூட்டு விழும் சத்தம். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். அன்பாகக் கேட்ட கேள்வி ஒரு பூட்டுச் சத்தத்துக்கு முன்னால் வந்தால் எப்படி ஆகிவிடுகிறது!

4 ஜூலை, வெள்ளி

மதியம் ஒன்றேமுக்காலுக்கு வாசலில் இருமல் கேட்டது. அப்பா கயத்தாறுக்கு சாவு விழுந்த ஒரு துஷ்டி வீட்டுக்குப் போயிருந்தார். கேமும் ஓடவில்லை, லேப்டாப் மூடியிருந்தது.

9 ஜூலை, புதன்

ஹரி கேட்கிறான்: "அவர் ஏன் அன்னைக்குக் கிளம்பிப் போனார்? வெறும் சாப்பாடுன்னா சப்புன்னு இருக்கு. வில்லனுக்கு ஒரு காரணம் வேணும். குடியா? இல்ல, எங்கயாவது ஒரு பொம்பளை?"

ஆமாலே, ஒரு பொம்பளைதான். பத்து வயசுப் பொம்பளை.

எழுதிரட்டா? எழுதிருதேன். இருபத்திரண்டு வருசமா எங்கயும் எழுதல.

அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஓவியப் போட்டி. பரிசு குடுக்கும்போது அப்பா அம்மா வரணும்னு சொல்லிட்டாவ. அம்மாவுக்குக் காய்ச்சல். நான் நேரா ஆபீஸ் வாசலுக்கே போய் நின்னேன். "எல்லார் அப்பாவும் வாராக, நீங்க மட்டும் வர மாட்டீயளா"ன்னு அழுதேன். தரையில உக்காந்து அழுதேன். அப்பா உள்ளே போய், வந்து, சைக்கிள எடுத்தாரு. அவர் சட்டைப் பையில சாவி இருந்தது. சைக்கிள் முன்கம்பியில நான் உக்காந்திருந்தேன். என் முதுகுல அது குத்திக்கிட்டே வந்தது. இப்பவும் குத்துது.

ஆறுதல் பரிசு. ஒரு எவர்சில்வர் டம்ளர். கையில் வாங்கும்போது தூரத்தில் புகை தெரிந்தது.

அப்பா கோர்ட்டில் என் பெயரை எடுக்கவில்லை. சாப்பிடப் போனேன் என்றார். இன்றைக்கும் அந்த டம்ளரில்தான் காபி குடிக்கிறார்.

ஹரிக்கு 'யோசிக்கிறேன்' என்று மட்டும் அனுப்பினேன்.

16 ஜூலை, புதன்

கழுகுமலைக்குப் பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்கு உள்ளே இருந்து தப்பியவர்களில் சந்தனமாரி அக்கா அங்கே கோயில் வாசலில் பூ விற்கிறார். அவர்கள் கதையை அவர்களைக் கேட்காமல் கேமாக்க நான் யார்? திட்டினால் திட்டட்டும், அடித்தால் அடிக்கட்டும் என்றுதான் போனேன்.

இடது கை முழங்கை வரை சுருங்கிப் போயிருக்கிறது. அந்தக் கையால்தான் நாரைப் பிடித்து, வலது கையால் கட்டுகிறார். வேல்சாமி மகள் என்றதும் கட்டுவதை நிறுத்தினார்.

"உங்க அப்பா உசிரோட இருக்காவளா?"

"இருக்காவ."

மறுபடி பூவைக் கட்டத் தொடங்கினார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்: "நாங்கதாம்ட்டி பூட்டச் சொன்னோம்."

எனக்குப் புரியவில்லை.

"ஆடிக் காத்து. பின்கதவுக்குக் கொண்டி ஒடஞ்சி கெடந்துச்சி. காலைலேருந்து படார் படார்னு அடிக்கி. கரிசப் புழுதி கண்ணுல, சோத்துல, குச்சி மருந்துல எல்லாம் அப்புது. 'அண்ணாச்சி, அந்தக் கதவப் பூட்டித் தொலைங்க'ன்னு நாங்கதான் கத்துனோம். மொதல்ல கத்துனவ நான். அவிய வெளிய போய்ட்டுத் திரும்பி வந்து பூட்டுனாவ. மவ கூப்பிடுதா, அரை மணியில வந்துருதேன், சூதானமா இருங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாவ."

"கோர்ட்டுல நீங்க இத—"

"எப்படிச் சொல்ல? வெயிலுகந்தம்மா எனக்குப் பக்கத்துல இருந்து செத்தா. அவ ஆத்தா மூஞ்சில நான் எப்படி முழிக்க? 'நாந்தான் பூட்டச் சொன்னேன்'னா?" கட்டிய பூவில் ஒரு முழம் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார். "அவியளும் சொல்லல. கூண்டுல நின்னு என்னையப் பாத்தாவ. சொல்லல."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம். இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடக்கிறது. ஆக, சாவி பையில் போனதற்குக் காரணம் இரண்டு. அக்கா தன் பாதியை வைத்திருந்தார், நான் என் பாதியை. இரண்டையும் சேர்த்து முழுசாகச் சுமந்தவர் ஒருவர்தான்.

17 ஜூலை, வியாழன்

ஆடி ஒன்று. காற்று ஆரம்பித்துவிட்டது. தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் ஆடிமாதம் எப்படி இருக்கும் என்று வெளியே யாருக்கும் தெரியாது. எல்லாக் கதவும் அடித்துக்கொள்ளும், பகல் முழுக்க. அப்பா ஒவ்வொரு கதவுக்கும் செங்கல் முட்டுக் கொடுத்துக்கொண்டே போவார், பின்னாலேயே அடுத்த கதவு அடிக்கும். இத்தனை வருடமும் எனக்கு அது வெறும் சத்தம். அவர் காதில் என்னவாக விழுந்ததோ.

20 ஜூலை, ஞாயிறு

எங்கள் பக்கத்துச் சாமிகளில் கொலைப்பட்டதும் உண்டு, கொன்றதும் உண்டு. ஒரே வளாகத்துக்குள் இரண்டுக்கும் பீடம் இருக்கும், இரண்டுக்கும் படையல் உண்டு. யார் நல்லவர் என்று பூசாரியிடம் யாரும் கேட்பதில்லை. யாருக்கு மனசு ஆறவில்லை என்றுதான் கேட்பார்கள்.

வில்லனை வெளியே இருந்து பார்க்க வைத்தது தப்பு. கடைசிக் கட்டத்தில் ஆடுகிறவர்தான் போர்மேன். இருமிவிட்டு உள்ளே போக வேண்டும். கதவு அடிக்கும், பெண்கள் கத்துவார்கள், பூட்ட வேண்டும். வாசலில் ஒரு சிறுமி குரல் கூப்பிடும். வெளியே போய் வாசல் வேப்பமரத்தைத் தாண்டினால்தான் தீப் பிடிக்கும். திறக்க பட்டன் கிடையாது.

ஹரியிடம் சொன்னேன். "அப்ப வில்லன் யாரு?" என்றான். "ஆடுறவங்க பதில் சொல்லட்டும்" என்றேன். சிறுமி குரலை நானே பேசிப் பதிந்தேன். ஒன்பது முறை அழுதுவிட்டேன், பத்தாவதை அனுப்பினேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சமையல் முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவருக்குத் தெரியாமல் இதை வெளியே அனுப்பினால் நான்தான் வில்லி. "எங்க கம்பெனில செய்யிற கேம்ப்பா. கடைசிப் பகுதி மட்டும் ஆடிப் பாருங்க" என்று கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன்.

நடக்கப் பழகப் பத்து நிமிடம். சுவரில் முட்டிக்கொண்டே போனார். பிறகு திரையில் அந்த நீளமான அறை வந்தது. இருமல் கேட்டது. என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் அந்த நொடியே புரிந்துவிட்டது அவருக்கு.

கதவு அடித்தது. பெண்கள் கத்தினார்கள். பூட்டினார்.

பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இதத் தொறக்க எந்த பட்டன் தாயி?" என்றார்.

"அதுக்கு பட்டன் இல்லப்பா."

"ஒண்ணுகூடவா?"

"இல்லப்பா. நீங்க வெளிய போகணும். மரத்தைத் தாண்டணும்."

"போனா?"

என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் போவல" என்றார். "இங்கனயே நிக்கேன்."

நின்றார். கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, பூட்டிய கதவைப் பார்த்தபடி. உள்ளே பெண்கள் பெட்டியில் குச்சி அடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள், சிரித்தார்கள். அவர் போகாதவரைக்கும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நான்தானே எழுதினேன். ஆனால் இப்படி ஒருவர் நின்றுவிடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபது நிமிடம். இங்கே எங்கள் வீட்டுக் கதவும் அடித்துக்கொண்டிருந்தது, அவர் எழுந்துபோய்ச் செங்கல் வைக்கவில்லை.

அரை நிமிடத்துக்கு ஒரு தரம் அந்தச் சிறுமி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா வாங்க, அப்பா வாங்க.

"இது நீயா?"

"ஆமாப்பா."

"இத எடுத்துரு."

"அதுதானப்பா நடந்துச்சி. நான் கூப்பிட்டேன். சந்தனமாரி அக்காளும் எல்லாம் சொல்லிட்டாவ. நீங்க ஏன்ப்பா யார்கிட்டயும்—"

"ஒரு கதைக்கு ஒரு வில்லன் போதாதா தாயி?" என்றார். "அதான் நான் இருக்கேம்லா."

அவர் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டேன். சட்டைப் பை என் நெற்றியில் பட்டது. காலியாக இருந்தது.

"எடுக்க மாட்டேன்ப்பா" என்றேன்.

அவர் எழுந்து போகவில்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

ஹரிக்கு இரண்டு திருத்தம் அனுப்பினேன். ஒன்று, அப்பாவின் குரலை எடுத்துவிட்டு வேறு குரல் போட வேண்டும். இரண்டு, போர்மேன் அங்கேயே நின்றுவிட்டால் கேம் அவரை அவசரப்படுத்தக் கூடாது. எவ்வளவு நேரம் நின்றாலும் பெண்கள் பேசிக்கொண்டே இருக்கட்டும்.

"எவ்வளவு நேரம் எழுதி வைப்ப?" என்றான். "முடியுற மட்டும்" என்றேன்.

6 ஆகஸ்ட், புதன்

காலையில் அப்பா கழுகுமலை பஸ் ஏறினார். எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதியம் திரும்பினார். கையில் ஒரு முழம் பூவும் ஒரு காகிதப் பொட்டலமும்.

பொட்டலத்தில் தாழ்ப்பாள், நாலு திருகாணி. இருமிவிட்டு வந்து ஸ்குரூடிரைவர் கேட்டார். குளியலறைக் கதவில் அவரே மாட்டினார். வெளிப்பக்கம் இல்லை, உள்பக்கம்.

நான் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தேன். திறந்தேன். மறுபடி போட்டேன், மறுபடி திறந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"சரியா விழுதா?" என்றார்.

"சரியா விழுதுப்பா" என்றேன்.